ஆறு மாதச் சேறு

மாரிக்குப்பத்திலிருந்து காலையில் புறப்படும் பெங்களூர் ரயிலில் விஜய்குமாருக்கு உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் வேலைக்குப் போகிற கூட்டம் அப்படி. கதவோரம் நின்று, ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் சாப்பாட்டுப் பையையும் பிடித்துக்கொண்டு, இரண்டரை மணி நேரம் ஆடிக்கொண்டே போவார். சாயங்காலம் அதே ஆட்டத்தில் திரும்புவார். பதினோரு வருடமாக இதுதான் அவர் வாழ்க்கை.

அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. மகனைச் சுரங்கத்துக்குள் இறங்க விடாமல் படிக்க வைத்தார். விஜய்குமார் பெங்களூரில் ஒரு திட்ட அனுமதி அலுவலகத்தில் ஸ்தல ஆய்வாளர் ஆனார். விவசாய நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த யாராவது மனுப் போட்டால், அவர் போய் இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மேலே இருப்பவர்கள் இடத்தைப் பார்ப்பதில்லை. அவர் எழுதியதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

1999 ஜனவரியில் அவருக்கு இருந்த ஒரே கவலை மகள் ஷில்பாவின் பள்ளிக்கூடம். பெங்களூரில் நல்ல பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் குடும்பத்தோடு அங்கேயே வந்துவிடலாம். நான்கு பள்ளிகள் ஏறி இறங்கியாகிவிட்டது. நான்கிலும் கையை விரித்துவிட்டார்கள்.

"இன்னாங்க, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அங்கெல்லாம் சீட்டு குடுப்பாங்களா?" என்று அவர் மனைவி மேரி தினமும் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சந்தானம் என்பவர் ஒரு ஃபைலோடு வந்தார். நகரத்துக்குள் இருக்கும் ஒரு பழைய ஏரியைத் தூர்வாரும் காண்ட்ராக்ட் கம்பெனியின் ஆள் அவர். வாரிய சேற்றைக் கொட்ட நகரத்தில் இடமில்லை. நகரத்துக்கு வெளியே ஆனேக்கல் பக்கத்தில் வெங்கடசாமி என்பவரின் நாலு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள்.

"டென்ஷனே வேணாம் சார். டெம்பரரி பர்மிஷன்தான். ஆறே மாசம். காய வெச்சு லாரியில ஏத்திட்டுப் போய்டுவோம்" என்றார் சந்தானம். பிறகு ஃபைலை மூடிக்கொண்டே, "பாப்பாக்கு ஸ்கூல் பாக்கறீங்களாமே? நீங்க சீட்டு கேட்டுப் பாத்தீங்களே, அந்த கான்வென்ட்டு கட்டடம் நம்ம முதலாளி கட்டினது. ஒரு போன் போதும்" என்றார்.

விஜய்குமார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருக்கு லஞ்சம் வாங்கிப் பழக்கமில்லை. யாராவது கவரை நீட்டியிருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பார். ஆனால் இது பணம் இல்லையே.

முதலில் ஏரிக்குப் போனார். தண்ணீரை இறைத்துவிட்டு, இயந்திரத்தால் சேற்றை அள்ளிக் கரையில் குவித்திருந்தார்கள். தார் போலக் கறுப்பு. பேட்டரிக் கடையில் அடிக்கும் நெடி. சுற்றிலும் இருந்த முலாம் பூசும் பட்டறைகளும் சாயப் பட்டறைகளும் முப்பது வருடமாகக் கழிவு விட்ட ஏரி அது. தங்கவயலில், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண் மேட்டுக்கு அடியில் வளர்ந்த மனிதருக்கு இதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காற்று அடித்தால் அந்த மண் சோற்றில் விழும். அவருடைய அம்மா சட்டி பானைகளை ஈரத் துணியால் மூடி வைப்பாள். இப்போதைக்கு இருக்கட்டும் என்று கொட்டிய மண், தாத்தா காலத்திலிருந்து மலையாக நின்றுகொண்டிருந்தது.

அடுத்த நாள் ஆனேக்கல் போனார். வெங்கடசாமியின் நிலத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கரில் அவரைப் பந்தல் பச்சைப் பசேலென்று கிடந்தது. நடுவில் ஒரு கிணறு. சேறு கொட்டப்போகும் இடத்திலிருந்து எண்பது அடி தூரம்கூட இருக்காது. அந்த நிலம் சின்னத்தாயி என்ற ஐம்பது வயதுப் பெண்ணுடையது. புருஷன் போன பிறகு தனியாகவே பாடுபட்டு, காயை ஆனேக்கல் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டு போய் விற்கிறவள்.

அரசாங்க ஆள் கன்னடத்தை விட்டுத் தமிழில் பேசியதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஊட்டா ஆச்சா சாமி, சாப்ட்டீங்களா? வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பு நிறைய மொண்டு கொடுத்தாள். குளிர்ந்த, இனிப்பான தண்ணீர். விஜய்குமார் முழுச் சொம்பையும் குடித்தார்.

பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபணை இல்லை என்று மகஜரில் கைநாட்டு வைக்க வேண்டும். அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்க வராது. கெரெ மண்ணு, ஏரி மண்ணுதானே சாமி? எங்க மாமனாரு காலத்துல வண்டி வண்டியா அடிச்சு நெலத்துல போடுவாங்க. எருவுக்கு எரு. அதே மண்ணுதானே இது?"

அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். இது அந்த மண் இல்லை அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். கான்வென்ட் கேட்டின் கறுப்பு இரும்புக் கம்பிகள் அவர் கண்ணுக்குள் வந்து நின்றன.

"ஆறு மாசம்தாம்மா. தற்காலிகம்" என்றார்.

"நீங்க சொன்னா சரி" என்று அவள் கட்டை விரலை மையில் அழுத்தினாள்.

அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். 'இருநூறு மீட்டருக்குள் குடிநீர் ஆதாரம் ஏதேனும் உண்டா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதினார். எழுதும்போது பேனா தயங்கியது என்றெல்லாம் சொல்ல முடியாது. மற்ற கேள்விகளுக்கு எழுதிய அதே வேகத்தில்தான் எழுதினார்.

ஜூன் மாதம் ஷில்பா கான்வென்ட்டில் சேர்ந்தாள். தொம்மலூரில் ஒரு சின்ன வீடு பார்த்து வந்துவிட்டார்கள். மேரி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேக் கொடுத்தாள்.

அதற்கு முன்பே ஆனேக்கலில் டிப்பர் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. ஆறு மாதம் முடிந்தது. சேற்றை யாரும் எடுக்கவில்லை. சந்தானம் நீட்டிப்புக்கு மனுக் கொடுத்தார். புதிதாகப் போய்ப் பார்க்காமலே, 'முந்தைய ஆய்வின்படி நிலைமையில் மாற்றமில்லை' என்று விஜய்குமார் எழுதினார். இன்னொரு ஆறு மாதம். மறுபடியும் ஒரு மனு. மறுபடியும் அதே வரி. அதற்குள் சேறு ஒரு மாடி உயரத்துக்கு நின்றது. அதைச் சுற்றி வெறும் மண் கரைதான்.

2000 அக்டோபரில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் கரை உடைந்தது. அவரைப் பந்தலுக்குள் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புச் சேறு புகுந்து, கிணற்றுக்குள்ளும் இறங்கியது. சின்னத்தாயி இரண்டு நாள் வாளி வாளியாக அள்ளிப் பார்த்தாள். கையிரண்டும் கொப்புளம் கண்டதுதான் மிச்சம். கிணற்றுத் தண்ணீரைக் குடித்த அவளுடைய கறவை மாடு நுரை தள்ளிச் செத்தது.

யாரோ எழுதிக் கொடுத்த மனுவோடு அவள் பெங்களூர் வந்தாள். இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது பகல் மணி பன்னிரண்டு. விஜய்குமாரைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"நல்லவேள, நீங்க இருக்கீங்க சாமி" என்றாள்.

அவர் எழுந்தார். அவளை மேலதிகாரி சீனிவாசராகவனின் அறைக்கு அழைத்துப் போனார். மல்லேஸ்வரத்துக்காரர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். மனுவைப் படித்தார். ஃபைலைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதப் பாரும்மா. சேறு கிணத்துல கலந்துடுத்து, நஷ்ட ஈடு வேணும்னு எழுதியிருக்கே. ஆனா ரெக்கார்டுல அங்க குடிநீர் ஆதாரமே இல்லியே. ஆய்வு பண்ணி மூணு தடவை எழுதியிருக்கு. இல்லாத கிணறு எப்படிம்மா கெட்டுப்போகும்?"

சின்னத்தாயி திகைத்துப்போய் நின்றாள். "இல்லியா? அப்போ முப்பது வருசமா நான் என்னத்தைங்க குடிச்சேன்?" என்றாள். பிறகு விஜய்குமார் பக்கம் திரும்பினாள். "சாமி, நீங்க சொல்லுங்க. உங்களுக்கே மொண்டு குடுத்தேனே."

விஜய்குமார் தரையைப் பார்த்தார்.

 அவள் மனுவைத் திரும்ப வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். சத்தம் போடவில்லை. சபிக்கவில்லை. சபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

 அதற்கு நான்காம் நாள் விஜய்குமார் மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழுதாள்.

"நம்ம அம்மாங்க எல்லாம் அந்தச் சயனைட் மண்ணுக்கு இன்னா பாடு பட்டாங்கன்னு தெரிஞ்சும் நீங்க எழுதினீங்களா? எவனோ தெரியாத ஆளு எழுதினா பரவால்லைன்னு விடலாம். நீங்க போய் எழுதினீங்களே!"

மறுநாள் விஜய்குமார் தன் கைப்பட ஒரு அறிக்கை எழுதினார். கிணற்றைக் கண்ணால் பார்த்தேன், அதிலிருந்து குடித்தேன், மறைத்து எழுதினேன், நீட்டிப்புகளுக்கு நேரில் போகவே இல்லை, மகளுக்குப் பள்ளியில் இடம் பெற்றேன். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு மேசையில் வைத்தார்.

சீனிவாசராகவன் இரண்டு முறை படித்தார். "விஜய்குமார், பெண் குழந்தை வெச்சிருக்கேள். இத வாபஸ் வாங்கிக்கோங்கோ. நான் பாக்கலைன்னு நெனச்சுக்கறேன்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார்.

"இல்ல சார். இருக்கட்டும்."

அந்த வாரமே சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது. விசாரணை எட்டு மாதம் நடந்தது. சின்னத்தாயிக்கு இனியாவது நியாயம் கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் விசாரணையின் முடிவு அவர் நினைத்தே பார்க்காத விதமாக இருந்தது. ஒருமுறை பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டவரின் இரண்டாவது வாக்குமூலத்தையும் நம்ப முடியாது, ஆகவே புதிய ஆய்வு தேவை என்றார்கள். புதிய ஆய்வாளர் போனார். அவர் நேர்மையானவர். அந்தக் கிணற்றிலிருந்து இப்போது ஒருவரும் குடிப்பதில்லை என்பதை நேரில் பார்த்தார். 'இருநூறு மீட்டருக்குள் குடிநீர் ஆதாரம் இல்லை' என்று எழுதினார். இந்தத் தடவை அது உண்மையாகவே இருந்தது. கம்பெனிக்கு நீட்டிப்பு கிடைத்துவிட்டது, சின்னத்தாயிக்கு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை.

கான்வென்ட்டில் ஷில்பாவின் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மேரி ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் பட்டன் தைக்கப் போனாள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட விஜய்குமார் ஒரு கட்டட வரைபடக் கடையில் சேர்ந்தார்.

2002 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆனேக்கல் போனார். பந்தலும் இல்லை, கிணறும் தெரியவில்லை. ஒன்றரை ஏக்கரும் சேற்று மேட்டோடு சேர்ந்துவிட்டிருந்தது. கெட்டுப்போன நிலம் என்று சொல்லிச் சந்தானத்தின் கம்பெனியே அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டதாக டீக்கடையில் சொன்னார்கள். சின்னத்தாயி ஓசூர் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாளாம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டாம்.

அங்கே போனார். கம்பெனிக் கட்டடத்தின் பின்பக்கம், நீலச் சீருடையில், கையில் ரப்பர் உறையோடு அவள் குப்பைக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கும்பிடவில்லை.

"அம்மா, நான் உண்மைய எழுதிக் குடுத்துட்டேன். வேலையும் போச்சு" என்றார். அதைச் சொன்ன பிறகுதான், அதற்குப் பாராட்டை எதிர்பார்த்து வந்திருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது.

"கேள்விப்பட்டேன்" என்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்க."

சின்னத்தாயி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மன்னிச்சா கெணறு வருமா சாமி? நீங்க கெட்டவரு இல்ல. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. மொகத்தப் பாத்தா கெட்டவன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வெரல வெச்சிருக்க மாட்டேன். நம்ம பாஷ பேசுற மனுசன், நம்ம வூட்டுத் தண்ணிய வாங்கிக் குடிச்ச மனுசன்னு நம்பித்தானே வெச்சேன்?"

சின்னத்தாயி அடுத்த கூடையை இழுத்துக்கொண்டாள்.

"நெஜத்தச் சொன்னீங்க, சரி. ஆனா கரை ஒடைஞ்சப்பறம் சொன்னீங்க. அது உங்க மனசு ஆறறதுக்கு ஆச்சு, எனக்கு ஆவல. இனிமே ஆபீசுல ஒக்காந்து எழுதுறவங்க யாரயாச்சும் பாத்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க. பேப்பர்ல எழுதுற பொய் பேப்பரோட நிக்காது. யாரோ ஒருத்தர் குடிக்கிற தண்ணியில போய்த்தான் அது கலக்கும். கண்ணால பாத்தத பாத்த அன்னிக்கே எழுதச் சொல்லுங்க."