திருடாதவளுக்கு ஒரு சபாஷ்

பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை. அந்தச் சலவைக்கூடத்தின் கொதிகலனுக்கு விறகே வேண்டாம், இவளைப் பக்கத்தில் நிறுத்தினால் போதும்.

காரணம், 'புதுசு'. வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் எல்லார் வாயிலும் அவளுக்கு அந்தப் பெயர்தான். வீட்டுவேலை செய்த இடத்தில் வளையலை எடுத்துப் பிடிபட்டு, சிறைக்குப் போய் வந்தவள். அங்கே துணி வெளுக்கப் பழகிய கை. முதலாளியம்மா எதையும் மறைக்கவில்லை. எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் அவளைச் சேர்த்துக்கொண்டார். "தப்பு பண்ணவங்களுக்கும் ஒரு வாய்ப்பு வேணும்ல?" என்று கேட்டபோது பெரியக்காவும் தலையை ஆட்டினாள். தலையாட்டக் காசா பணமா.

கூத்து அப்புறம்தான் ஆரம்பித்தது. புதுசு நேரத்துக்கு வந்தால் அது ஒரு செய்தி. ஒரு நாள் வாடிக்கையாளரின் சட்டைப்பையில் கிடந்த கசங்கிய நோட்டை எடுத்து முதலாளியம்மாவின் மேசையில் வைத்தாள் என்று அன்று முழுக்க அதே பேச்சு. பெரியக்கா இந்த வேலையில் எத்தனை வருஷம், எத்தனை பைகளில் கைவிட்டிருப்பாள்! நோட்டு, மோதிரம், ஒரு தடவை பல்செட்டுகூட. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். யாராவது ஒரு வார்த்தை சொன்னதுண்டா? திருடாமல் இருந்ததற்கு ஒரு சபாஷ் வேண்டுமென்றால் முதலில் திருடியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

இதை இஸ்திரிக்காரரிடம் சொல்லியும் பார்த்தாள்.

"நானும் எதையாவது தூக்கிட்டு உள்ள போயிட்டு வந்திருக்கணும் அண்ணே. இந்நேரம் என்னைத் தலைல வச்சு ஆடியிருப்பாங்க."

"தாராளமா போயிட்டு வா. உன் டீயை நான் குடிச்சுக்கறேன்" என்றார் அவர், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன மாதம் புது ஸ்டீம் பிரஸ் வந்து இறங்கியது. அது தனக்குத்தான் என்று பெரியக்கா அதன் உறையைக்கூடத் துவைத்துப் போட்டு வைத்தாள். அதில் போய் நின்றவள் புதுசு. "உனக்கெதுக்கும்மா இந்த வயசுல புதுசா ஒரு மிஷினு?" என்று முதலாளியம்மா கரிசனமாகக் கேட்டார். பிறகு ஏதோ ஒரு சங்கத்திலிருந்து வந்தவர்கள் முதலாளியம்மாவையும் புதுசையும் அந்த மிஷின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த பெரியக்காவை ஒருவர் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா, படத்துல விழறீங்க" என்றார். அவள் தள்ளிக்கொண்டாள். அன்றிலிருந்து புதுசு "அக்கா" என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைக்குத்தான் திரும்புவாள்.

இன்று பகலில் வயதான வாடிக்கையாளர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். காலையில் சலவைக்குப் போட்ட கோட்டிலேயே தங்கப் பின்னை மறந்து விட்டுவிட்டாராம். இறந்துபோன மனைவி ஒருகாலத்தில் தன் கையால் குத்திவிட்டது. முதலாளியம்மா அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கோட்டுல ஒரு பின் இருந்துச்சாம். யாராவது பாத்தீங்களா?"

கேள்வி எல்லாருக்கும்தான். கண்கள் மட்டும் ஒரே இடத்துக்குப் போயின. முதலாளியம்மாவின் கண்ணும்தான்.

புதுசுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மிஷினை அணைத்தாள். தன் பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். சீப்பு, டிபன் டப்பா, பாதி தீர்ந்த தலைவலி மாத்திரை. ஏப்ரனைக் கழற்றி உதறினாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி, காலை அகட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திச் சுவரில் பதித்து நின்றாள்.

பெரியக்காவுக்கு உள்ளே ஜில்லென்றிருந்தது. மறைத்து என்ன பயன், இனித்தது. திருப்தியாகக் கையைக் கட்டினாள். மார்பில் ஏதோ சுருக்கென்று குத்தியது.

கை ஈரமாக இருக்கும்போது துணியில் ஊசி, பின் எது கிடைத்தாலும் ஏப்ரனின் உள்பக்கம் குத்திக்கொண்டு, கை காய்ந்ததும் எடுத்து வைப்பது அவள் வழக்கம். காலையில் அந்தக் கோட்டின் பின்னையும் அப்படித்தான் குத்திக்கொண்டாள். எடுத்து வைக்க மறந்துபோனாள்.

வாயைத் திறக்காவிட்டால் மாலைக்குள் புதுசு வெளியே. ஸ்டீம் பிரஸ் இவளுக்கு. பின்னைச் சாக்கடையில் நழுவவிட ஒரு நொடி போதும். எல்லாவற்றையும் நினைத்தாள், நன்றாகவே நினைத்தாள். சுவரில் பதிந்த கைகள் இறங்கவில்லை. இறக்கச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"என்கிட்டதான் இருக்கு" என்றாள் பெரியக்கா. ஏப்ரனைப் புரட்டிக் காட்டினாள்.

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "அட, உன்கிட்டயா! நான் பயந்தே போயிட்டேன்." பெரியவரும் பின்னை வாங்கிக்கொண்டு சிரித்தார். "எங்க பெரியக்கா மறதிக்குக் கோயிலே கட்டலாம்" என்றார் இஸ்திரிக்காரர். அவ்வளவுதான். விஷயம் முடிந்துவிட்டது. "கையை இறக்கும்மா, உன்னை யாரு இப்ப என்ன சொன்னாங்க?" என்று முதலாளியம்மா சுவர்ப்பக்கம் பார்த்துச் சொன்னார்.

பெரியக்காவுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. தன் பையை எடுத்து அதே மேசையில் கவிழ்த்தாள். "என் பையையும் பாருங்க. பின்னு என்கிட்டதானே இருந்துச்சு? பாருங்க."

"கிறுக்கா உனக்கு? உன்னைப் போய் யாரு சந்தேகப்படப்போறா?"

இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த சபாஷ் அதுதான். கையில் வாங்கிக்கொள்ளக் கூசியது. ஒருவரும் அவள் பையைப் பார்க்கக் கிட்டே வரவில்லை.

புதுசு மட்டும், தன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து யாரும் தொடாத அந்தப் பையையும் பெரியக்காவையும் பார்த்தாள். கோபம் என்றுதான் பெரியக்கா முதலில் நினைத்தாள். பிறகு புரிந்தது. வயிறு எரிந்துகொண்டே இருந்தவளுக்குத் தெரியாதா, இன்னொரு வயிறு எரிவது.