அருவியின் உரிமையாளர் முகவரி

குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில் துண்டு விற்கும் சங்கரேஸ்வரி, தினமும் காலையில் அருவியை ஒரு நிமிடம் படம்பிடித்துத் தன் சேனலில் போடுவாள். தண்ணீர் அங்குள்ள பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் பஸ் ஏறுவார்கள்.

ஒருநாள் புகார் வந்தது. அருவியின் சத்தம் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம். தூக்கம் வருவதற்காக அவர்கள் விற்கும் ஒலிப்பதிவும் இதுவும் ஒன்றுதான் என்று வீடியோக்களைச் சலிக்கும் இயந்திரம் கண்டுபிடித்திருந்தது. மறுநாளும் ஒரு புகார்.

“சத்தத்தை அணைச்சிட்டுப் போடேன்ட்டி,” என்றான் அவள் கணவன் தளவாய். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன்.

“சத்தமில்லாம போட்டா போன வருச வீடியோன்னு சொல்லுதாங்க.”

“அப்ப நான் மேல பாடுதேன். அருவி கேக்காது.”

“நீங்க பாடுனா சனமே வராது.”

ஆனாலும் பாடினான். மூன்றாவது புகாரும் அருவிக்கே வந்தது. ஏழு நாளில் மறுப்பு அனுப்பாவிட்டால் சேனல் மூடப்படும்.

“என் பாட்டுக்கு ஒருத்தனும் உரிமை கேக்கலையே!” தளவாய்க்கு அதுதான் வருத்தம்.

மறுப்புப் படிவத்தில் ‘மூல உரிமையாளர்’ என்ற இடத்தில் சங்கரேஸ்வரி யோசிக்காமல் குற்றாலநாதர் என்று எழுதினாள். முகவரிக்குக் கோயில். அனுமதிக்குச் சான்று கேட்டிருந்ததால் நேரே சன்னதிக்குப் போனாள்.

“அர்ச்சனை யார் பேருக்கும்மா?” என்றார் குருக்கள்.

“சேனல் பேருக்கு, சாமி. ‘இன்னைக்குக் குளிக்கலாமா’.”

“நட்சத்திரம்?”

அவள் போனில் சேனலைத் திறந்து காட்டினாள்.

“சரி, சுவாமி பேருக்கே பண்ணிருதேன்.”

அர்ச்சனைச் சீட்டைப் படமெடுத்து இணைத்தாள். கோபமாக எழுத மனம் வரவில்லை. படிப்பவரும் யார் வீட்டுப் பிள்ளையோ. கடைசிக் கட்டத்தில், “சாரல்ல நின்னு பதிவு பண்ணினவருக்குத் தலை நனைஞ்சிருக்கும். அடுத்த தடவை என் கடையில துண்டு எடுத்துக்கிடச் சொல்லுங்க. காசு வேண்டாம்,” என்று எழுதினாள்.

ஆறாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் குமரகுரு, அந்த ஒலியைப் பதிவு செய்தவர். “அன்றைக்கு நனைந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன் அக்கா. இதுவரை யாரும் கேட்கவில்லை. புகார் போட்டது இயந்திரம், எனக்குத் தெரியாது. கம்பெனியில் சொல்லி மூன்றையும் திரும்பப் பெற்றுவிட்டோம்.”

ஞாயிற்றுக்கிழமை துண்டு வாங்க அவரே வந்தார். இனி எல்லா வீடியோவையும் இயந்திரம் சலித்த பிறகே வெளியிட வேண்டும் என்று அரசாங்கத்தில் சட்டம் கொண்டுவரப் போகிறார்கள், மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றார்.

சங்கரேஸ்வரி அன்றே எழுதி அனுப்பினாள்: “இயந்திரத்துக்குத் தலை நனையாது. அதுக்குத் துண்டு கொடுக்க முடியாது. இந்தச் சட்டம் வேண்டாம். மனுசங்க பாக்கட்டும்.”

கீழே தளவாய் ஒரு வரி சேர்த்தான்: “என் பாட்டையும்.”