வெல்டரின் மாஸ்க்

வெல்டருக்குச் சந்தேகமெல்லாம் மச்சினன் மேல்தான். தான் கண்ணயர்ந்ததும் யாரோ மூச்சு மெஷின் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள். அது தானாகக் கழன்று தலையணைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளுமா? அதற்கென்ன காலா முளைத்திருக்கிறது?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இடது பக்கம் விழுந்துவிட்டது என்றார்கள். அவருக்கோ அப்படி ஒரு பக்கம் இருந்ததாகவே தோன்றவில்லை. தட்டில் வலது பாதியைத் தின்றுவிட்டு, "இவ்வளவுதான் போட்டாங்களா?" என்று சண்டைக்குப் போவார். மனைவி தட்டைத் திருப்பி வைப்பாள். மீதிச் சாப்பாடு எங்கிருந்தோ வந்து நிற்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது பிழைப்பு.

"தூங்கும்போது உங்க தொண்டை மூடிக்குது, மூச்சு நின்னு நின்னு வருது" என்றார் டாக்டரம்மா. "அடிபட்ட மூளைக்குக் காத்தும் பத்தலைன்னா எப்படித் தேறும்? இந்த மெஷின் காத்தைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும். ஆனா மாஸ்க் மூஞ்சியிலே இருக்கணுமே! கழட்டிக்கிட்டே இருந்தா இன்னொரு தடவை வாதம் வந்தாலும் வரும்."

"நான் எங்கே கழட்டுறேன்? கண்ணாடிக் கவசத்தை மூஞ்சிக்கு நேரே பிடிச்சே காலம் தள்ளினவன் நான்!"

அப்படியானால் வேறு யார்? சதா கூட இருப்பவன் மச்சினன் ஒருவன்தான். தூக்கி உட்கார வைப்பதும் துடைத்துவிடுவதும் அவன்தான். பட்டறைச் சாவியும் இப்போது அவனிடம்தான். வெல்டர் முடிச்சுப் போட்டுவிட்டார். காலையில் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"பட்டறையை அமுக்கத்தானே என்னைக் கொல்லப் பார்க்கிறே? என் கண்ணிலே படாதே, போ."

"மாமா, நான் எதுக்கு..." என்று எழுந்தான். துணிமணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தான். தம்பி போய்விட்டால் இந்த ஆளை ஒற்றை ஆளாக எப்படித் தூக்குவது என்று மனைவி கையைப் பிசைந்தாள். புருஷனிடம் சொன்னால் எரிந்து விழுந்தார்.

மத்தியானம் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்கினார். நல்ல தூக்கம். திடீரென்று முகத்தில் சூடான விரல்கள். மாஸ்க்கை யாரோ பிடித்துத் தூக்கினார்கள். வலது கையால் அந்த மணிக்கட்டை லபக்கென்று அமுக்கினார் வெல்டர்.

"பிடிச்சிட்டேன்! திருடனைப் பிடிச்சிட்டேன்!"

ட்யூப் இழுபட்டு ட்ரிப்ஸ் மெஷின் வீறிட்டது. மனைவி எழுந்து குனிந்தாள், நர்ஸ் ஓடிவந்தாள். கண்ணைத் திறந்தால், கட்டிலின் கால்மாட்டில் மச்சினன் நிற்கிறான். இரண்டு கைகளாலும் பையைக் கட்டிப் பிடித்திருக்கிறான்.

"அப்போ இது யாரு கைடி?"

மனைவி அவர் வலது கை விரல்களைப் பிடித்து, அகப்பட்ட மணிக்கட்டின் மேல் மெல்ல நகர்த்தினாள். தீப்பொறி விழுந்த பழைய தழும்புகள். முழங்கை. தோள். கழுத்து. தொட்டது அவர் கழுத்திலேயே தெரிந்தது.

"உங்க கைதாங்க. பத்த வச்சு முடிச்சதும் இடது கையாலே கவசத்தைத் தூக்கிப் பார்ப்பீங்களே, அதே மாதிரி தூக்குச்சு. நான் பார்த்தேன்."

"விழுந்த கையா அசைஞ்சுது!" என்று நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். மனைவி அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது.

வெல்டருக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தழும்பு தெரிந்த தழும்புதான், கைதான் தெரிந்த கையாக இல்லை. ஆனால் அது மச்சினன் கை இல்லை என்பது மட்டும் நன்றாக விளங்கிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டேய்." மச்சினனைக் கூப்பிட்டார். "பையைக் கீழே வை. இந்தக் கையை நம்ப முடியாதுடா. நான் தூங்கணும். கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?"

மச்சினன் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டு, அந்த இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.