பின்பக்கம் ஜிப்பு வைத்த கவுன்

பேண்ட்டின் பொத்தானுக்கும் அது போய்ச் சேர வேண்டிய துளைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தால் மூன்று விரல். கட்டிலின் மேல் பழைய ஆபீஸ் உடுப்புகள் மொத்தமும் குவிந்து கிடந்தன. ஐந்து வருடமாக அலமாரியின் மேல்தட்டில், பெட்டிக்குள், பூச்சி உருண்டை வாசனையோடு காத்திருந்தவை. குவியலின் உச்சியில் நான்கு வயதுப் பெரியவள் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதச் சின்னவன் கீழே விரிப்பில் குப்புறக் கிடந்து ஒரு பெல்ட்டை எச்சிலில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தான். சாம்பல் நிறச் சட்டை தோளில் சரியாக நின்றது, மார்பில் வாயைப் பிளந்தது. வெள்ளைச் சட்டைக்குள் கையே நுழையவில்லை. கறுப்புக் கோட்டு மட்டும் பெருந்தன்மையாக ஏறிக்கொண்டது, பொத்தான் போடாத வரைக்கும்.

"இதுல நீ மாமா மாதிரி இருக்க," என்றாள் பெரியவள்.

"எந்த மாமா?"

"பஸ்ல டிக்கெட் கேப்பாரே, அந்த மாமா."

கணவன் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தான். கார்ப் பட்டறையில் வேலை. எந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டாலும் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுகிறவனுக்கு, மனைவி உடுப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் காது அடைத்துவிடும். "எல்லாமே நல்லாத்தானே இருக்கு," என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு நழுவினான். அவளுக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. குவியலின் ஓரத்தில், பெரியவளின் காலை ஒதுக்கிவிட்டு, அப்படியே உட்கார்ந்தாள். முந்தின இரவு சின்னவன் நான்கு தடவை எழுந்திருந்தான். உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிடம் தூங்கியும் போனாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு பொடி எழுத்துத் தாள் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காத தாள், அதை எழுத்துப் பிசகாமல் சரிபார்த்துக் கொடுக்கிற நிறுவனம் அது. அங்கே வேலை இருவர் இருவராக நடக்கும். ஒருவர் மூலப் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும், காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்லி. எதிரே இருப்பவர் அச்சான தாளில் வரிக்கு வரி அளவுகோலை நகர்த்தி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒப்பிட வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. தும்மலுக்காக நின்றாலும் அந்தப் பக்கம் முதல் வரியிலிருந்து மறுபடியும். நிறுத்தியவர் யாரோ அவர் பெயர் ஒரு அட்டையில் ஏறும். ஒன்பது வருடம் அவள் அங்கே வாசித்தாள். வாக்கிய முடிவை அவள் அழுத்திச் சொல்கிற தோரணையில் அவளுக்கு 'முற்றுப்புள்ளி' என்றே பெயராகிவிட்டது. இன்றைக்கும் அயர்ந்திருக்கிற நேரத்தில் பெரியவளிடம், "பல்லு தேச்சிட்டு வா முற்றுப்புள்ளி," என்று சொல்லிவிடுவாள். பெரியவள் அதை வசவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மேனேஜர் போனில் நல்லவிதமாகத்தான் பேசியிருந்தார். "தாராளமா வாங்க. ஜன்னலோர மேஜை இப்ப காற்புள்ளிகிட்ட இருக்கு. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு வாசிப்பு வெச்சுப் பாப்போம். பழைய மாதிரி இருந்தா அந்த மேஜை உங்களுக்குத்தான். இல்லேன்னா கொஞ்ச நாள் கதவுப் பக்கம் உக்காந்து கட்டுப் பிரிச்சு அடுக்குங்க. உங்களுக்கும் சௌகரியமா இருக்கும்ல, பிள்ளைங்க வேற இருக்காங்க."

ஜன்னலோர மேஜையில் இருப்பவர்தான் வாசிப்பார், கடைசியில் கையெழுத்தும் போடுவார். கதவுப் பக்க மேஜை உப்புக்குச் சப்பாணி. பிள்ளை பெற்றுத் திரும்பிய இரண்டு பேர் 'கொஞ்ச நாள்' அங்கே உட்கார்ந்ததை அவளே பார்த்திருக்கிறாள். அவர்கள் அப்புறம் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காற்புள்ளியோ அவள் கைபிடித்துப் பழக்கிய பெண். ஒவ்வொரு காற்புள்ளியிலும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்வாள், பெயரும் அப்படி வந்ததுதான். அவளுக்கு அந்த மேஜையை விட்டுத் தர என்ன அவசியம் வந்தது? ஆக, திங்கட்கிழமை உள்ளே நுழைகிறபோது ஐந்து வருடம் நடுவில் நடக்காதது போல இருக்க வேண்டும் என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். இரண்டு பெற்றதை ஒரு உடுப்பில் மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் கடைக்குப் போனாள்.

கடையில் உடை மாற்றும் அறைக்குள் தள்ளுவண்டி பாதிதான் நுழைந்தது. திரைக்கு வெளியே சின்னவனின் கால்கள் ஆடிக்கொண்டிருக்க, அவள் அடர்நீல கவுன் ஒன்றை மாட்டினாள். கழுத்து மூடியது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை இறங்கியது, முன்பக்கம் ஒரு பொத்தான்கூட இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. விற்பனைப் பெண் பின்னாலிருந்து ஜிப்பை ஏற்றிவிட்டாள். கண்ணாடியில் ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை இல்லை, தோளில் துண்டு இல்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு இருந்தது, ஆனால் அது வேலை செய்து வந்த கறுப்பு என்றும் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு அழுகை வந்தது. அவள் அந்தப் பெண்ணை அவ்வளவு தேடியிருந்தாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்து பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், ஓர் ஓரத்தில் எச்சிலைத் தொட்டுவைத்துக் கறை தெரிகிறதா என்றுகூடப் பார்த்தாள். எல்லாவற்றையும் யோசித்து வாங்கியதாகத்தான் நினைத்தாள்.

பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் நாத்தனார். பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், இரண்டை வளர்த்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டவள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்தவள் கவுனைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினாள்.

"பின்னாடி ஜிப்பா, அண்ணி?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு." பால் புட்டிகளை எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவள் அப்போது சொல்லாமல் விட்டது என்ன என்பது மறுநாள் மத்தியானம்தான் விளங்கியது.

காலையில் சின்னவனுக்குப் பால் கொடுத்துவிட்டு, அதற்கப்புறமே கவுனுக்குள் நுழைந்தாள். ஜிப்பு பாதி முதுகில் நின்றுகொண்டது. கணவன் குளியலறையிலிருந்து சோப்புத் துண்டைக் கொண்டுவந்து ஜிப்பின் பல்லில் தடவினான். "மூச்ச விடு. இன்னும் விடு. அவ்ளோதான்." ஏறிவிட்டது. அவளைத் திருப்பி நிறுத்திப் பார்த்தவன், "அப்ப இருந்த மாதிரியே இருக்க," என்றான். இந்த ஒரு தடவை அவன் நிஜமாகவே பார்த்துவிட்டுச் சொன்னான்.

ஆபீஸில் எதுவும் மாறியிருக்கவில்லை. அதே காகித வாசனை, அதே குளிர், மூன்றாவது விளக்குக்கு மட்டும் அதே சிமிட்டல். எல்லோரும் எழுந்து வந்து விசாரித்தார்கள். காற்புள்ளி ஜன்னலோர மேஜையிலிருந்து எழுந்து, "வாங்கக்கா," என்றாள், மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். பதினோரு மணிக்கு நடக்க வேண்டிய வாசிப்புக்கு மருந்துக் கம்பெனி ஆள் வந்துசேரவில்லை. பதினொன்றரையாயிற்று, பன்னிரண்டாயிற்று. பதினொன்றரைக்குப் பால் எடுத்துவிடலாம் என்று பையில் பம்பை வைத்திருந்தாள். "இப்ப வந்துருவார், எங்கயும் போயிடாதீங்க," என்று மேனேஜர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மார்பு கல்லாகிக்கொண்டு வந்தது. பையோடு எழுந்து போவதற்குத்தான் ஐந்து வருடம் நடக்காதது போல வந்தாளா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டரைக்கு வாசிப்பு தொடங்கியது. அவள் மூலப் பிரதியோடு ஒரு பக்கம், அளவுகோலோடு காற்புள்ளி எதிரே, பக்கவாட்டில் மேனேஜரும் கம்பெனி ஆளும். முதல் பக்கம் தண்ணீர் பட்ட பாடாகப் போயிற்று. குரல் தானாகவே தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்த வரி வந்தது. எல்லாத் தாளிலும் இருக்கிற வரி, ஆயிரம் தடவை வாசித்த வரி.

"பாலூட்டும் தாய்மார்கள் காற்புள்ளி மருத்துவரின் ஆலோசனையின்றி காற்புள்ளி இம்மருந்தை உட்கொள்ளக் கூடாது முற்றுப்புள்ளி."

உடம்புக்கு யார் சொல்லி வைத்தார்கள் என்று தெரியவில்லை. முள் குத்துவது போல இரண்டு பக்கமும் சுரீர் என்றது. பிறகு சூடு. உள்ளே வைத்திருந்த பஞ்சு எவ்வளவுதான் தாங்கும். அடர்நீலம் இன்னும் அடர்ந்து வட்டமாகப் பரவுவதைக் குனியாமலே அவளால் உணர முடிந்தது. வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பக்கம் முதலிலிருந்து, பெயர் அட்டையில், அப்புறம் கதவுப் பக்க மேஜை. இன்னும் முப்பது வரி இருந்தது. குரல் ஓர் இடத்தில் நடுங்கியது.

காற்புள்ளி தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். ஒரு நொடி அவளைப் பார்த்தாள். அளவுகோலைத் தூக்கி மேஜைமேல் குறுக்கே வைத்தாள்.

"வரிய விட்டுட்டேன் சார். பக்கத்த மறுபடி ஆரம்பிக்கணும்."

"நீயா?" என்றார் மேனேஜர்.

"நான்தான். அட்டையில எழுதிக்கங்க. பத்து நிமிஷம் கழிச்சு உக்காரலாம் சார், கண்ணு எரியுது."

வாசித்தவள் மூலப் பிரதிக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

தாள் கட்டுகள் அடுக்கிய சேமிப்பு அறைதான் உள்ளே தாழ்ப்பாள் இருந்த ஒரே இடம். பையைத் திறந்து பம்பை எடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கவுனில் முன்பக்கம் திறப்பே இல்லை. முழுக்கக் கழற்றினால்தான் உண்டு. இறக்க வேண்டிய ஜிப்போ முதுகில், கை எட்டாத இடத்தில். 'பின்னாடி ஜிப்பா, அண்ணி?' என்று கேட்ட நாத்தனார் முகம் நினைவுக்கு வந்தது. மேலேயிருந்து ஒரு கை, கீழேயிருந்து ஒரு கை என்று வளைந்து பார்த்தாள். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். தாள் கட்டின் மேல் உட்கார்ந்து, நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு அழுதாள். பாலுக்காகவோ மேஜைக்காகவோ அழவில்லை, களைப்பில் அழுதாள்.

கதவு தட்டப்பட்டது. "நான்தாங்க்கா."

அவள் தாழ்ப்பாளை நீக்கியதும் காற்புள்ளி உள்ளே நுழைந்தாள். முதுகுப் பக்கம் வந்து ஜிப்பை இறக்கினாள். பாதியில் துணியைக் கடித்துக்கொண்டது. இழுத்தாள். பல் பிளந்து, ஜிப்பு கையோடு வந்துவிட்டது. கவுன் இடுப்புக்கு இறங்கியது. பம்பு உறுமத் தொடங்கியதும் காற்புள்ளி கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க திரும்ப வரவே கூடாதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள் காற்புள்ளி.

"தெரியும்."

"இப்பவும் அப்படித்தான்."

"அதுவும் தெரியும்."

"ஆனா இப்படிக் கெடச்சா அந்த மேஜையில என்னால உக்கார முடியாதுக்கா. தெனமும் இது ஞாபகம் வரும்." பிறகு, யோசித்துவிட்டு, "வேற சட்ட எதும் எடுத்துட்டு வரலியா?" என்றாள்.

"ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். சின்னவனோடது. தவறிப் பையில வந்துருச்சு."

இருவரும் சிரித்தார்கள். பம்பு நின்ற பிறகு, அவள் கைக்குட்டையால் முன்பக்கத்தை ஒற்றி ஒற்றிக் காயவைத்தாள். ஜிப்பு இனி ஏறப்போவதில்லை. காற்புள்ளி வெளியே போய் ஒரு கைநிறையத் தாள் கிளிப்புகளோடு வந்தாள், தடிமனான கட்டுகளுக்குப் போடுகிற பெரிய கறுப்புக் கிளிப்புகள். முதுகின் இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஐந்து போட்டாள்.

"சாஞ்சு உக்காராதீங்க," என்றாள்.

இரண்டாம் பக்கம் முதல் வரியிலிருந்து தொடங்கியது. அவள் சாயவில்லை. இரும்பின் குளிர்ச்சி முதுகெலும்பில் ஐந்து இடத்தில் தெரிந்தது. பாலூட்டும் தாய்மார்கள் வந்தார்கள், காற்புள்ளியோடு, முற்றுப்புள்ளியோடு, வந்து கடந்து போனார்கள். குரல் நடுங்கவில்லை. பழைய குரலாக அது இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசி வரியை முடித்துத் தாளைக் கவிழ்த்தபோது இரண்டு மணி ஆகியிருந்தது. மேனேஜர் கம்பெனி ஆளோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். அட்டையை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"சரி," என்றபடி எழுந்தார். "வாங்க, உங்க மேஜையக் காட்டுறேன்."

எந்த மேஜை என்று அவர் சொல்லவில்லை. ஹாலில் ஜன்னல் இந்தக் கோடியில் இருந்தது, கதவு அந்தக் கோடியில். நடுவில் பன்னிரண்டு பேர் தலை தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மூலப் பிரதிக் கோப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். முதுகு திறந்த பக்கம் எல்லோருக்கும் தெரியுமே என்று அவள் ஓரடி தயங்கியபோது, பின்னால் நாற்காலி நகர்ந்தது. காற்புள்ளி எழுந்து வந்து அவளுக்குப் பின்னே ஒட்டி நின்றாள், மூச்சு கழுத்தில் படுகிற தூரத்தில். மேனேஜர் முன்னால் நடக்க, அவள் நடந்தாள். அவள் இடது கால் எடுத்து வைத்தபோது காற்புள்ளியும் இடது கால் வைத்தாள், அவள் வலது கால் எடுத்தபோது காற்புள்ளியும் வலது கால் எடுத்தாள்.