பரா லைற் துணியில் ஒரு முக்காடு

1.

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. யாழ்ப்பாணத்துத் துணிக்கடை ஒன்றில் திரைச்சீலை பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இரண்டு பெண்கள், கலியாணப் பெண் தலையில் முக்காடாகப் போடும் வெள்ளை நெற் துணியை விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள்:

"உதென்ன மெல்லிசு? பரா லைற் துணியிலை நெற் தைச்சவள் ஒருத்தி குருநகரிலை இருந்தவள். அவளின்ரை மனுசனும் அந்த வெளிச்சத்திலைதான் போனது."

"ஓமோ?" என்றாள் மற்றவள். அதற்குள் யாரோ அவர்களைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்கள்.

நான் திரைச்சீலை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். இனி வருவதெல்லாம் அந்த இரண்டு வசனங்களின் மேல் நான் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவை.

[பரா லைற் தெரியாதவர்களுக்கு: சண்டைக் காலத்தில் இரவில் விமானம் போடும் வெளிச்சம். ஒரு பாரசூட்டில் தொங்கிக்கொண்டு ஆடி ஆடி இறங்கும். அது எரியும்வரை கீழே எறும்புக்குக்கூட ஒளிக்க இடமில்லை. எரிந்து முடிந்தால் மிஞ்சுவது அந்தப் பாரசூட்டின் துணி. வெள்ளை. கையை உள்ளே விட்டால் ரேகை தெரியும்.]

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் ஒரு நாள், கடல்நீரேரியின் மேல் வானம் சட்டென்று பகலாகி—"

வேண்டாம். விமானத்தில் இருந்து பார்ப்பவன் எழுதுகிற வசனம் அது.

பிறகு: "லூர்த்தம்மா அழுத கண்ணீர்—"

அதுவும் பிழை. அவள் அழவில்லை. அழுவதற்கு ஒரு உடல் வேண்டும். அல்லது ஒரு சேதி வேண்டும். அவளுடைய கணவன் கனிசியஸ் நீரேரிக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். அன்றிரவு பரா லைற் போட்டார்கள், சூட்டுச் சத்தம் கேட்டது. விடிய வள்ளம் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அவன் வரவில்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அன்று அந்தப் பக்கம் போன வேறு எவரும் இல்லை என்றுதான் கரையில் எல்லோரும் சொன்னார்கள்.

கோயிலில் பூசைக்குப் பெயர் குடுக்கப் போனபோது பங்குச் சுவாமியார் கேட்டார்: "எதுக்குப் பிள்ளை? ஆன்ம இளைப்பாற்றிக்கோ, சுகமாய்த் திரும்பி வாறதுக்கோ?" அவள் பதில் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டின முற்றத்தைத் திரும்பக் கூட்டினாள். கரையில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு வாசல் படலையடிக்கு ஓடினாள். தையல் மெசினை மிதிக்கும்போது மட்டும் அவளுடைய கால்களுக்கு ஒரு நியாயம் இருந்தது.

எனவே மெசினில் இருந்து தொடங்குகிறேன். அதற்கு முன்னால் யாகோப்பு வருகிறார்.

யாகோப்பு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், கனிசியஸைவிட மூத்த கடல் தொழிலாளி. கலியாணம் நிச்சயமான மகள் றெஜினாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு சாக்குப் பொட்டலத்தை றெஜினாதான் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள்.

"அக்கா, எனக்கு நெற் தைச்சுத் தருவீங்களோ?" என்றாள். "கடையள் எல்லாம் தேடிப் பாத்தாச்சு. நுளம்பு வலைகூட இல்லை. பொருளாதாரத் தடை நெற்றுக்குமோ எண்டு அம்மா பேசுறா. வீட்டு முகட்டிலை உது கிடந்தது. அப்பா ஒளிச்சு வைச்சிருக்கிறார்!"

லூர்த்தம்மா பொட்டலத்தை அவிழ்த்தாள். துணி மூச்சு விட்டதுபோல் மேலே எழும்பி, மெல்ல அமர்ந்தது.

"எங்கை எடுத்தனீங்கள் அண்ணை?"

"உடுவிலிலை," என்றார் யாகோப்பு, கூரையைப் பார்த்துக்கொண்டு. "மச்சானின்ரை வெங்காயத் தோட்டத்துக்கை விழுந்தது. உனக்குக் கரைச்சல் எண்டால் விடு பிள்ளை. வேறை ஆரும்…"

"மெல்லிசுத் துணிக்கு லூர்த்து அக்காவின்ரை கைதான் வேணுமெண்டு அம்மா சொன்னவா," என்றாள் றெஜினா.

3.

இங்கே எனக்கு ஒரு தடை. நான் வாழ்க்கையில் ஒரு பொத்தான்கூட ஒழுங்காய்த் தைத்ததில்லை. ஆகவே ஒரு துண்டு வொயில் துணி வாங்கி, பக்கத்து வீட்டு மெசினில் உட்கார்ந்தேன். மெசின் அதைத் தின்றுவிட்டது. உண்மையாகவே தின்றது, ஊசித் தட்டின் ஓட்டைக்குள் இழுத்துக் கசக்கி, பற்களுக்கிடையில் வைத்துக்கொண்டது. பிரித்து எடுத்தபோது துணியில் இருந்த துளைகள் மூடவில்லை. தடித்த துணி பிழையை மன்னிக்கும், இந்த மாதிரித் துணி மன்னிக்காது என்றார் பக்கத்து வீட்டுக்காரி. (இதை ஒரு தத்துவமாக மாற்றலாம் என்று ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.)

லூர்த்தம்மாவுக்கு இது தெரியும். முதலில் துணியை மழைத்தண்ணீரில் அலசினாள். அயன்பெட்டி வைக்க முடியாது, சூடு பட்டால் நைலோன் சுருண்டுவிடும். ஆகவே ஈரத்தோடு மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்து, அதன்மேல் தலை வைத்துப் படுத்தாள்.

மெசினின் பல் கடிக்காமல் இருக்கத் துணிக்கு அடியில் மெல்லிய தாள் வைக்க வேண்டும். நத்தாருக்கு வாசலில் தொங்கவிடும் வெளிச்சக் கூட்டுக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளை ரிசூத்தாள் இருந்தது. நூல்? மெல்லிய வெள்ளை நூல் ஊரிலேயே இல்லை. பாரசூட்டின் கயிற்றை வெட்டி முறுக்கைப் பிரித்தாள். உள்ளே தலைமயிர்போல வெள்ளை இழைகள். கரையை மெசினில் அடித்தால் விறைத்து நிற்கும் என்று, விரலை நாக்கில் தொட்டு ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிக் கையால் தைத்தாள். அந்த நாட்களில் அவள் படலையடிக்கு அதிகம் போகவில்லை. துணி அவளைப் பிடித்து இருத்தி வைத்திருந்தது.

பாதி ஓரம் முடிந்திருந்தது. மற்றப் பாதிக்கு, பாரசூட்டின் துண்டுகளைச் சேர்த்திருந்த பழைய மூட்டுத் தையலைப் பிரிக்க வேண்டியிருந்தது. இரட்டையாய் மடித்து அடித்த மூட்டு. சவர பிளேட்டின் நுனியால் ஒவ்வொரு தையலாய் வெட்டினாள். மடிப்பு வாயைத் திறந்தது. உள்ளே கறுப்பாய் ஏதோ ஒட்டிக் கிடந்தது. நூலாக்கும் என்று நகத்தால் சுரண்டி எடுத்தாள். இன்னும் இருந்தது. உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

அது விரிந்தது. பச்சையானது.

சாதாளை. நீரேரியில் வலையோடு ஏறி வருகிற நாடாப் பாசி. பிள்ளையாய் இருந்த காலத்தில் இருந்து அதை வலைக் கண்ணில் இருந்து பிடுங்கிப் பிடுங்கி எறிந்தவள் அவள். மோந்து பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் மோந்தாள்.

எழும்பினாள். இருந்தாள். படலைவரை போனாள். யாகோப்பு வீட்டு வேலி தெரிந்தது. திரும்பி வந்தாள். துணி கடலில் விழுந்திருந்தால் என்ன? எத்தனையோ பேர் கடலில் எடுத்தவர்கள்தான். அதைச் சொல்லியிருக்கலாமே. ஏன் கடலில்லாத உடுவில்?

4.

யாகோப்பை நான் நம்பவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். இப்படி ஒரு துணியை ஒருவர் ஏன் வீட்டில் வைத்திருப்பார்? கடலிலேயே விட்டிருக்கலாம், எரித்திருக்கலாம். ஒரு திருத்தத்தில் அவரைக் கெட்டவராக்கினேன்: துணிக்கு ஆசைப்பட்டு ஆளை விட்டுவிட்டு வந்த மனுசன். கதை சட்டென்று சுலபமானது. லூர்த்தம்மா அவர் முகத்தில் துப்பினாள்; நான் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன். தேத்தண்ணீர் முடிவதற்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அப்படிப்பட்டவர் வாசலில் நின்று கூரையைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே நடந்ததாக நான் நம்புவதை எழுதுகிறேன்.

அடுத்த நாள் பின்னேரம் றெஜினா அளவு பார்க்க வந்தாள். தகப்பனும் கூட வந்தார். கொஞ்ச நாளாக மகளைத் தனிய அந்த வீட்டுக்கு விடாமல் வந்துகொண்டிருந்தார். லூர்த்தம்மா றெஜினாவைக் கதிரையில் இருத்தி, நெற்றைத் தலையில் விரித்து, கொண்டையோடு சேர்த்துக் குண்டூசி குத்தினாள். துணிக்குள்ளே அந்தப் பெட்டையின் முகம் சிரித்தது.

"அண்ணை," என்றாள் லூர்த்தம்மா, வாயில் இருந்த கடைசி ஊசியை எடுத்துவிட்டு. "உடுவிலுக்குக் கடல் எப்ப வந்தது?"

உள்ளங்கையை விரித்து அந்தச் சாதாளையைக் காட்டினாள்.

யாகோப்பு நின்ற இடத்திலேயே குந்தினார்.

"அண்டைக்கு நானும் போனனான்," என்றார்.

"அப்பா!" றெஜினா எழும்பப் பார்த்தாள். "காய்ச்சல் எண்டு மாமி வீட்டிலை படுத்தனான் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அசையாதை பிள்ளை. ஊசி குத்தும்," என்றாள் லூர்த்தம்மா. அவளுடைய குரல் மாறவில்லை. கைதான் கதிரையின் விளிம்பைப் பிடித்தது.

"கனிசியஸின்ரை வள்ளம் எனக்குக் கூப்பிடு தூரத்திலை," என்றார் யாகோப்பு. "வெளிச்சம் போட்டாங்கள். அவன் எழும்பி நிண்டு வலையை வெட்டினவன், அதைக் கண்டனான். பிறகு சூடு. நான் வள்ளத்துக்குள்ளை குப்புறப் படுத்திட்டன். வெளிச்சம் அணைஞ்சாப்போலை எழும்பிப் பாத்தால் அவன்ரை வள்ளம் பிரண்டு கிடக்கு. தாங்குகம்பை ஊண்டித் தாங்கிக்கொண்டு போனன் பிள்ளை, போகாமல் விடேல்லை. தண்ணியிலை வெள்ளையாய் ஒண்டு மிதந்தது. அவன் வெள்ளைச் சேட்டெல்லோ போட்டவன். எட்டிப் பிடிச்சு இழுத்தன். வருகுது, வருகுது, முடிவில்லாமல் வருகுது. கயிறு தாங்குகம்பிலை சுத்திப் போச்சு. அது துணி எண்டு விளங்கிறதுக்கிடையிலை அடுத்த லைற்றைப் போட்டிட்டாங்கள்."

"பிறகு?"

"திருப்பிக்கொண்டு ஓடி வந்திட்டன்."

றெஜினா துணிக்குள்ளே அழத் தொடங்கினாள். அவளுடைய மூச்சுக்கு அது ஒட்டி ஒட்டி விலகியது.

"எனக்கு உது வேண்டாம் அக்கா. கழட்டுங்கோ."

"எறிய ஏலாமல் இருந்தது," என்றார் யாகோப்பு, யாரும் கேட்காத கேள்விக்கு. "அவனை இழுக்கிறன் எண்டு இழுத்தது. எப்பிடி எறியிறது? உனக்குச் சொல்ல எத்தினை தரம் படலைவரைக்கும் வந்தனான். நீ ஓடி வந்து, 'ஏதும் சேதியோ அண்ணை' எண்டு கேப்பாய். எனக்கு வாய் வராது."

5.

[நான் மாற்ற முடியாத ஒன்று இருக்கிறது. துணிக்கடையில் அந்தப் பெண் "தைச்சவள்" என்றாள். தைக்கத் தொடங்கினவள் என்று சொல்லவில்லை. ஆகவே நெற் முடிந்தது. றெஜினா அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குள் நடந்தாள். லூர்த்தம்மா பின்னால் நின்று, கதவில் கொளுவிக் கிழியாமல் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கிழமையே சுவாமியாரிடம் போய்க் கனிசியஸின் பெயரைக் குடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்டபோது இந்த முறை சொன்னாள். இவை நடந்தே தீரும். எழுத்தாளனின் கையில் இருப்பது இதற்கு முந்திய சில நிமிடங்கள் மட்டும்.]

லூர்த்தம்மா குண்டூசிகளைக் கழற்றினாள். ஒவ்வொன்றாய், துணி இழுபடாமல். நெற்றை மடித்து மெசின்மேல் வைத்தாள்.

"றெஜினா, கிணத்தடிக்குப் போய் முகத்தைக் கழுவு."

"நானும் கேக்கிறன் அக்கா."

"நீ கலியாணம் கட்டப் போற பிள்ளை. போ."

றெஜினா போனாள். கிணற்றுத் துலாவின் சத்தம் கேட்கும்வரை லூர்த்தம்மா காத்திருந்தாள். பிறகு யாகோப்புக்கு முன்னால், அவரைப் போலவே நிலத்தில் குந்தினாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். பொய் சொல்லாதேங்கோ. நீங்கள் துணியை இழுக்கேக்கை, அவர் கூப்பிட்டவரோ?"

6.

"ஓம்" என்று எழுதினேன். கனிசியஸுக்கு அந்த இருட்டில் உயிர் இருந்தது, குரல் இருந்தது, தன்னை நோக்கி ஒரு வள்ளம் வருகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதோடு லூர்த்தம்மா மிச்சக் காலம் முழுக்க வாழ வேண்டும். வெட்டினேன்.

"இல்லை" என்று எழுதினேன். அவள் எழும்பி, "சரி அண்ணை" என்றாள். ஆனால் போகும்போது திரும்பி அவரைப் பார்த்தாள். ஏற்கெனவே உடுவில் என்று சொன்ன வாய் அது. அதையும் வெட்டினேன்.

"தெரியாது" என்று எழுதவே மாட்டேன். கடலில் தொழில் செய்கிற மனுசனுக்குக் கூட்டாளியின் குரல் தெரியும்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தரம் எழுதியும் என் கையில் நிற்கவில்லை. ஆகவே ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டு உங்களிடம் தருகிறேன். இரக்கப்பட்டு எழுதினாலும் சரி, உண்மைக்காக எழுதினாலும் சரி. அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு ஒருத்தி அந்த நெற்றின் மிச்ச ஓரத்தைத் தைத்து முடிக்க வேண்டும். அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடியில் வாளி வைக்கும் சத்தம் கேட்கிறது. றெஜினா வரப்போகிறாள்.

யாகோப்பு தலையை நிமிர்த்தி லூர்த்தம்மாவைப் பார்த்தார்.

"                    ," என்றார்.