ஒண்டியாப் போனா கேட் திறக்காது

அந்தக் கல்லூரியில் சரிதாவுக்குப் பெயர் கிடையாது. பிரின்சிபாலில் தொடங்கி வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் பி.டி. மேடம். ஓசூர் பாகலூர் ரோட்டில் குடியிருந்த வீட்டில், மாடிக்காரர்களுக்கு அவள் கீழ் வீட்டு டீச்சர். ஊத்தங்கரைப் பக்கம் இருக்கும் அண்ணன் குடும்பத்துக்கு மட்டும் சரிதா. அவர்களும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. "ஓடிக்கினே இருந்துட்டா, யாராலயும் புடிக்க முடியல" என்று அண்ணி ஊரில் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி. நல்ல வேடிக்கைதான். சரிதாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மைதானத்தில் பார்த்தீனியச் செடி இடுப்பளவு நின்றது. கொரோனாவுக்கு முன்பு இதே கல்லூரி, காடுமேடெல்லாம் பத்து கிலோமீட்டர் ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டியில் இரண்டு முறை கோப்பை வாங்கியது என்று அலமாரி சொன்னது. அந்தக் கோப்பைகளில் ஒன்றில் பல்லி முட்டையிட்டிருந்தது. பழைய கோச் பெங்களூரில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். மூன்று வருஷம் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சரிதாவும் உட்காரவில்லை. செடியைப் பிடுங்கினாள். கையெல்லாம் அரித்துத் தடித்தது. ஒரு மாதத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் அளவுக்குத் தரை தெரிந்தது.

தரை கிடைத்துவிட்டது, ஓடுவதற்கு ஆள்தான் இல்லை. இந்த ஊரில் பெண்களுக்கு ஓடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடிந்ததும் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், ஒரு மணிக்கு வகுப்பு விட்டதும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஹாஸ்டல் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். சும்மா வட்டமாக ஓடு என்றால்தான், "எதுக்கு மேடம்?" என்கிறார்கள். சரிதா வகுப்பு வகுப்பாகப் போய்க் கூப்பிட்டதில் நாற்பது பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் பதினொருவர். கடைசியில் நான்கு பேர் தேறினார்கள்.

நான்கு பேர் போதும். ஆனால் நான்கு பேர் கட்டாயம் வேண்டும். கிராஸ் கன்ட்ரியில் ஒரு கல்லூரியிலிருந்து நான்கு பேராவது ஓடி முடித்தால்தான் அது அணி. மூன்று பேர் எவ்வளவு வேகமாக வந்தாலும் அணிப் பட்டியலில் கல்லூரியின் பெயரே இருக்காது. பிரின்சிபால் திருமலை கெட்ட மனிதர் இல்லை. ஜூன் மாதமே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

"மேடம், இந்த வருஷம் டீம்னு நம்ம பேரு வரணும். புதுசா பஸ்ஸுங்க வருது, நிறுத்த எடம் இல்ல. கிரவுண்டை விட்டுடலாம்னு மேனேஜ்மென்ட்ல ஒரே பேச்சு. நீங்க ஒரு டீம் காட்டுனீங்கன்னா நான் பேசறேன்."

நான்கு பேரில் நான்காவது ஆள் காவியா. சாமல்பட்டிப் பெண். முதல் வருஷம் மைதானத்துக்கு ஒழுங்காக வந்தவள், இந்த வருஷம் ஒரு கம்பெனியில் மதிய ஷிப்டில் சேர்ந்து, அவர்கள் ஹாஸ்டலுக்கே குடிபோய்விட்டாள். காலையில் கல்லூரி மைதானத்துக்கு வர வழியில்லை. "ஹாஸ்டல் ரோட்லயே ஓடி டைமிங் அனுப்பறேன் மேடம்" என்றாள். சரிதா ஒத்துக்கொண்டாள். நடுவில் ஒரு தடவையாவது கூப்பிட்டுக் கண்ணெதிரே ஓடவைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது அவள் தப்புதான், அதற்கு வேறு சமாதானம் கிடையாது.

தினமும் காலை ஆறு நாற்பதுக்கு வாட்ஸப்பில் செய்தி வரும். 'அஞ்சு கிலோமீட்டர். 24.50 மேடம்.' சரிதா 'குட், கையை வீசாதே' என்று ஏதாவது பதில் போடுவாள். கடைசி இரண்டு மாதமாக நேரம் மளமளவென்று குறைந்தது. 23.10. 22.30. அதோடு கூடவே ஒரு வரியும் வர ஆரம்பித்தது: 'சாப்ட்டீங்களா மேடம்?'

ஓசூர் முழுக்க இவ்வளவு ஜனம் இருக்கிறது. அதைக் கேட்கிற ஆள் இதற்கு முன் யாரும் இல்லை. சரிதா முதல் நாள் அந்த வரியை நாலு தடவை படித்தாள். அப்புறம் அது வழக்கமாகி, மைதானத்து ஓரத்தில் நின்று ஆறு நாற்பது ஆவதற்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். சாப்பிடாவிட்டாலும் 'ஆச்சு' என்று போடுவாள். ஆச்சு என்று எழுதிவிட்டோமே என்பதற்காகவே சில நாள் நான்கு இட்லி வாங்கித் தின்றாள்.

போட்டி ஊத்தங்கரை தாண்டி ஒரு கல்லூரியில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. அணியிலேயே வேகமாக ஓடும் மேகலாவையும் மற்ற இருவரையும் விடியற்காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு சரிதா போய்ச் சேர்ந்தாள். காவியா முந்தின நாளே சாமல்பட்டி வீட்டுக்குப் போய், அங்கிருந்து நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மாந்தோப்பு ஓரமாகப் பாதைக்குக் கொடி நட்டிருந்தார்கள். ஏரிக்கரை மேல் ஏறி இறங்குகிற வழி. நான்கு பேருக்கும் பொருத்தமான வழி என்று சரிதா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

ஆறரை மணிக்குக் கல்லூரியின் பச்சைப் பனியன் போட்ட ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். முதுகில் காவியா என்று எழுதியிருந்தது. முகம் காவியா இல்லை.

"மேடம், நான் ஸ்வாதி. பேரிகை. காவியாவும் நானும் ஒரே ரூமு. அவளுக்கு நின்னு நின்னு கால் வீங்கிடுச்சி. அதான் நான் வந்தேன்."

சரிதாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "வந்தேன்னா? நீ எந்தக் காலேஜ்?"

"காலேஜ் இல்ல மேடம். பன்னெண்டாவது முடிச்சிட்டு கம்பெனிதான். அவ எடத்துல நான் ஓடிடறேன். என் ஷிப்ட்ல இன்னிக்கு அவ நிக்கறா. ஓடத்தான் முடியாது, நிக்க முடியும்னா. மாத்திக்கினோம்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் துளி கள்ளம் இல்லை. அவர்கள் கம்பெனியில் அதுதான் பழக்கம். உனக்கு முடியாவிட்டால் உன் இடத்தில் நான், எனக்கு முடியாவிட்டால் என் இடத்தில் நீ. லைனில் ஆள் நின்றால் சூப்பர்வைசருக்குப் போதும், எந்த ஆள் என்று அவர் கேட்பதில்லை.

"இவ்ளோ தூரம் ஓடிடுவியா நீ?" என்று சரிதா கேட்டாள். என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டதுதான்.

"ஓடறேனே மேடம், தினம். ஹாஸ்டல்ல ஒண்டியாப் போனா கேட் தொறக்க மாட்டாங்க. ரெண்டு பேரா போனாதான் விடுவாங்க. மொதல்ல அவளுக்குத் தொணைக்குன்னுதான் போனேன். கால் வீங்குனதுல இருந்து அவ வெளிய கல்லு மேல ஒக்காந்து படிப்பா, நான் ஓடுவேன். ரெண்டு மாசமா உங்களுக்கு வந்த டைமிங் எல்லாம் என்னுதுதான்." கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு ஆள் கொறஞ்சிடக் கூடாதுன்னுதான் அவ உங்ககிட்ட சொல்லாம விட்டா."

சரிதா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். "சாப்ட்டீங்களான்னு கேட்டது?"

"அதுவும் நான்தான் மேடம், அவ போன்லருந்து."

இதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம் இல்லை, வெட்கம். இரண்டு மாதமாக யாரென்றே தெரியாத ஒருத்திக்கு இட்லி தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று.

அதற்குள் போட்டியை நடத்துகிற நாராயணப்பன் அட்டையும் பேனாவுமாக வந்துவிட்டார். அவர் கையில் இருந்த ஜெராக்ஸ் போட்டோவில் காவியாவும் ஒன்றுதான், அவள் பெரியப்பாவும் ஒன்றுதான், அவ்வளவு கறுப்பு. "நாலு பேரும் வந்தாச்சா மேடம்? நம்பர் வாங்கிக்கினு இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

நான்கு நம்பர் துணிகளை நீட்டினார். போட்டோவைப் பார்க்கவில்லை. பனியன் முதுகைப் பார்த்தார். "காவியா. சரியாப் போச்சு."

ஒரு கையெழுத்துதான் பாக்கி. போட்டால் அணி உண்டு, மைதானம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் பிடுங்கிய செடிக்கு ஒரு அர்த்தம் உண்டு. சரிதா பேனாவை வாங்கினாள். பிடிபட்டால் மேகலாவுக்கும் மற்ற இருவருக்கும் தடை விழும் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் உண்மையில் அவள் கையை நிறுத்தியது அது இல்லை. இந்தப் பெண் பத்து கிலோமீட்டர் உயிரைக் கொடுத்து ஓடுவாள். ஓடி முடித்ததும் காவியா ஓடினாள் என்று எழுதுவார்கள். இவள் ஓடினாள் என்று உலகத்தில் ஒரு காகிதத்திலும் இருக்காது. பெயர் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று சரிதாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"காவியா வரல சார். மூணு பேருதான்" என்று நான்காவது பெயரை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

நாராயணப்பன் பனியனை இன்னொரு முறை பார்த்தார். அப்புறம் சரிதாவைப் பார்த்தார். நான்காவது துணியைத் திரும்ப மடித்துக்கொண்டு போனார்.

"நான் எதுனா தப்பு பண்ணிட்டனா மேடம்?" என்றாள் ஸ்வாதி.

"இல்ல. இங்க ஷிப்ட் மாத்த முடியாது, அவ்ளோதான்."

துப்பாக்கி வெடித்து எல்லாரும் ஏரிக்கரைப் பக்கம் ஓடி மறைந்த பிறகு, இரண்டு பேரும் வேன் படியில் உட்கார்ந்தார்கள். ஸ்வாதி பனியனைக் கழற்றாமல் மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். சரிதா டிபன் டப்பாவைத் திறந்து, "சாப்ட்டியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினாள். பஸ் பிடிக்க மூன்று மணிக்கே எழுந்தவளாம், கேட் திறப்பதற்காகக் காவியாவும் கூட வந்து பஸ் ஏற்றிவிட்டாளாம். இரண்டு இட்லி தின்றாள், மூன்றாவதைத் தின்னும்போது அழுதாள். சரிதா என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

மேகலா ஐந்தாவதாக வந்தாள். மற்ற இருவரும் நன்றாகவே ஓடினார்கள். அணிப் பட்டியலில் கல்லூரி பெயர் இல்லை.

திருமலை திட்டவில்லை. "மூணு பேரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அடுத்த வாரம் மைதானத்தில் ஜல்லி கொட்டினார்கள். சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்தில் மஞ்சள் பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. சரிதாவைத் தேர்வுப் பிரிவில் உட்கார வைத்தார்கள். மேகலாவும் மற்ற இருவரும் வழியில் பார்த்தால் சிரித்தார்கள். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்கள்.

காவியாவிடமிருந்து செய்தி வரவில்லை. ஒரு நாள் வராண்டாவில் எதிரே வந்தவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவள் காலையில் ஹாஸ்டல் கேட்டைத் தாண்டி வராவிட்டால் ஸ்வாதியும் வெளியே வர முடியாது என்று சரிதாவுக்குத் தெரியும். இருந்தும் காலை ஆறு நாற்பதுக்குக் கை தானாகப் போனுக்குப் போனது. சரிதாவே காவியாவின் போனுக்கு அழைத்திருக்கலாம். என்ன சொல்லி அழைப்பது? திரும்பிப் போனால் அதே வாடகை வீடு, கீழ் வீடு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். பதினைந்து நாள் இப்படியே போயிற்று.

ஆனாலும் ஓட்டத்தை விடவில்லை. விடிந்ததும் கல்லூரிக்கு வந்து, பஸ்களுக்கும் சுவருக்கும் நடுவே மிச்சமிருந்த மண் பாதையில் ஒருத்தியாக ஓடினாள். ஒரு சுற்றுக்கு இருநூறு அடிகூட இல்லை, திரும்பித் திரும்பித் தலை சுற்றும். வாட்ச்மேன் மூர்த்தி வேடிக்கை பார்த்துக்கொண்டு டீ குடிப்பார்.

பதினாறாம் நாள் அவர்தான் கூப்பிட்டார். "பி.டி. மேடம், உங்களைத் தேடி ஒரு பொண்ணு வந்திருக்குது. ஓடியே வந்துச்சு பாவம்."

கேட்டருகே ஸ்வாதி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஹாஸ்டலிலிருந்து கல்லூரி ஏழு கிலோமீட்டர். வேர்வை சொட்டியது. கையில் அந்தப் பச்சைப் பனியன், துவைத்து மடித்து.

சரிதாவின் வாயில் முதலில் ஒரு கோச் கேட்கிற கேள்விதான் வந்தது. "காவியா எங்க?"

"அவ வரல மேடம். தூங்கறா. நான் மட்டும்தான்."

"அப்ப உன்ன எப்படி விட்டாங்க? ஒண்டியாப் போனா கேட் தொறக்க மாட்டாங்கன்னியே."

ஸ்வாதி நிமிர்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருன்னுதான் சொன்னேன் மேடம். இன்னொருத்தவங்க முன்னாடியே வந்து வெளிய நிக்கறாங்கன்னு."