ஒரு நாள் மாணவிகள்

அடுப்படி வாசலில் வந்து நின்ற ஆளைப் பார்த்த பிறகும் எர்மெலிண்டா கையிலிருந்த வெட்டுக்கத்தியைக் கீழே வைக்கவில்லை. பூசணியை இன்னும் கொஞ்சம் வேகமாக வெட்டினாள்.

"என் மருமகளக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளினவரு காலங்காத்தால என் வாசல்ல நிக்கறாரு. மழை கிழை வரப்போகுதா?"

வந்தவர் அவெலினு. அந்த மலையூரின் மருத்துவச்சிப் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவர். சோளம் கிளறிக்கொண்டிருந்த லிதுவினா அவரைக் கண்டதும் எழப் பார்த்தாள். வயிறு விடவில்லை. எட்டாம் மாதம்.

மழைக்காலம் தொடங்கும்போதுதான் அவர் அவளை வகுப்பிலிருந்து எழுப்பி, "கல்யாணமானவங்களுக்கு இங்க இடமில்ல, அதுதான் விதி" என்று அனுப்பியிருந்தார். கல்யாணத்தை அவள் மறைத்துத்தான் படித்தாள், வயிறு காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த விதியை வைத்தவர்கள், நாட்டைப் பிடித்து ஆண்டு, கடைசியில் விட்டுப் போகிற போக்கில் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்துவிட்டுப் போனவர்கள். கூரை எரிந்தது, கட்டில்கள் எரிந்தன, பயிற்சிப் பொம்மைகள் எரிந்தன. விதி மட்டும் எரியவில்லை.

பள்ளி உடுப்பைச் சுருட்டிக்கொண்டு அழுதபடி வந்தவளை அன்று மாமியாரும் தேற்றவில்லை. "அஞ்சு எருமை சீர் குடுத்து எடுத்தவ. ஊரான் புள்ளைக்குத் தொப்புள்கொடி அறுக்கவா எடுத்தோம்? வீட்டுலயே கெட" என்றுவிட்டாள். அங்கே மாப்பிள்ளை வீடுதான் பெண்வீட்டுக்கு எருமை கொடுக்கும். கொடுத்தபின் பெண் அந்த வீட்டுச் சொத்து. பள்ளிக்கு அவள் மனைவி என்பது குற்றம். வீட்டுக்கு அவள் மாணவி என்பது குற்றம்.

அவெலினு தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார். "லிதுவினா, நாளைக்கு ஒரே ஒரு நாள் வகுப்புக்கு வரணும்மா."

"எதுக்கு சார்?"

"தலைநகர் திலியிலேருந்து ஒரு டாக்டரம்மா வர்றாங்க. எந்தெந்தப் பள்ளிக்கூடத்தால எத்தன பேருக்குப் பயிற்சி குடுக்க முடியும்னு நாடு முழுக்கப் பாத்துட்டு வர்றாங்க. ஆள் தேறாத பள்ளிய மூடிருவாங்களாம். பதினஞ்சு பேர் இருக்கணும். என்கிட்ட இருக்கறது ஆறு."

மீதி ஒன்பது பேரும் எங்கே என்று லிதுவினா கேட்கவில்லை. அவளையும் சேர்த்து ஒன்பது பேரும் செய்த குற்றம் ஒன்றேதான், கல்யாணம். அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. உள்ளே இருந்த குழந்தையும் சேர்ந்து உதைத்தது.

எர்மெலிண்டா கத்தியை நிறுத்தினாள். "அஞ்சு எருமைக்கு வந்தவ. ஒரு நாளைக்கு என்ன வாடகை தருவீங்க?"

அவெலினு அதை நிஜமாகவே யோசித்தார். "ஒரு... ஒரு கோழி?"

"சேவலா, பெட்டையா?"

லிதுவினா கரண்டியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எர்மெலிண்டா வெற்றிலைச் சாற்றை வெளியே துப்பினாள். "வாயும் வயிறுமா இருக்கறவளத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் வருவேன்."

மறுநாள் பள்ளி திருவிழாக் கூட்டமாக இருந்தது. ஒருத்தியின் உடுப்பில் பொத்தான் சேரவில்லை, ஊக்கு குத்தியிருந்தாள். இன்னொருத்தி தன் உடுப்பைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டிருந்தாள். அதையே பிரித்து மாட்டிக்கொண்டு வந்தாள். செலெஸ்தியின் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

"புள்ளைங்களச் சமையல்கட்டுல விடுங்க. சத்தம் வரக்கூடாது" என்றார் அவெலினு.

"அத நீங்களே அதுங்ககிட்ட சொல்லிப் பாருங்க சார்" என்றாள் செலெஸ்தி.

டாக்டர் பென்விண்டா புழுதி படிந்த ஜீப்பிலிருந்து இறங்கினார். நரைத்த தலை, நல்ல உயரம். பெயர்களைப் படிக்கச் சொன்னார். தன் பெயர் அந்த அறையில் மறுபடி ஒலித்தபோது லிதுவினா, "இருக்கேன்!" என்று கத்தியே விட்டாள். முன் பெஞ்சில் இருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து ஒரு அழுகை. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து.

"அது என்ன?" என்றார் டாக்டர்.

"பயிற்சிக் கருவிங்க டாக்டர்" என்றார் அவெலினு.

"அழுவுதே?"

"ரொம்ப... ரொம்ப நல்ல கருவிங்க."

வகுப்பு முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டது. டாக்டர் நேராகப் போய்ச் சமையல்கட்டுக் கதவைத் திறந்தார். இரண்டு தோளிலும் இரண்டு குழந்தைகள், மடியில் ஒன்று, வாயில் வெற்றிலை என்று எர்மெலிண்டா நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க டாக்டரம்மா. கருவி ஒண்ணு என் மேல நனைச்சிருச்சு."

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. டாக்டரும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குழந்தைகளையெல்லாம் வகுப்புக்கே தூக்கிவரச் சொன்னார்.

"பொம்மை இல்லாம, வயித்துல புள்ளையோட தலை எங்க இருக்குன்னு எப்படிக் கத்துக்குடுக்கறீங்க?" என்று கேட்டார். அவெலினு வாய் திறப்பதற்குள் லிதுவினா பெஞ்சில் படுத்துவிட்டாள். தோழிகள் முறை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். அவளுக்குக் கூசியது, நெளிந்து நெளிந்து சிரித்தாள். தலை கீழேதான் இருந்தது. செலெஸ்தி குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தாள். எர்மெலிண்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அதைப் பிடுங்கினாள்.

காதை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

"குதிரை ஓடற மாதிரி கேக்குது" என்றாள். "நான் நாலு பெத்தேன். காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தப்ப ரெண்டு, தலை திரும்பாமலே செத்துப்போச்சு. ஒருத்தரும் இப்படிக் காது வெச்சுக் கேக்கல."

குழலைச் செலெஸ்தியின் கையில் திருப்பி வைத்தாள்.

போகும்போது டாக்டர் அவெலினுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க போனாலும் கல்யாணமானதும் பொண்ணுங்களத் தொரத்திடறாங்க. படிச்சு முடிக்க ஆளே மிஞ்சறதில்ல. நீங்க ஒருத்தர்தான் புள்ளையோட உக்கார வெச்சுச் சொல்லித் தர்றீங்க. மத்த பள்ளிக்காரங்கள இங்க வந்து பாக்கச் சொல்லப் போறேன்."

"நம்ம கடமைதானே டாக்டர்" என்று அவெலினு குனிந்து வணங்கினார். ஜீப் வளைவில் மறைந்ததும் நிமிர்ந்தார். "எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாளையிலேருந்து வர வேணாம்."

மறுநாள் விடிந்து லிதுவினா கண் விழித்தபோது, எர்மெலிண்டா துவைத்துப் போட்ட உடுப்பு அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னடி பாக்கற? நேரமாகுது, கெளம்பு."

பள்ளி வாசலில் மற்ற எட்டுப் பேரும் குழந்தைகளோடு ஏற்கெனவே நின்றார்கள். யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. அவெலினு இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்தார். "நேத்தோட முடிஞ்சுது. விதின்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

எர்மெலிண்டா அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "அஞ்சு எருமை குடுத்தவ நானே அனுப்பறேன். கோழி றெக்கைகூடக் குடுக்காத நீ யாருய்யா தடுக்கறதுக்கு?"

"சார்," என்றாள் லிதுவினா, மிகப் பணிவாக, "மத்த பள்ளிக்காரங்க பாக்க வருவாங்களே. வந்து நிக்கறப்ப நாங்க இல்லாட்டி நல்லாவா இருக்கும்?"

அவர் கைகள் மெல்ல இறங்கின.

பெஞ்சு போதவில்லை, பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். விதியை யாரும் மாற்றவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது. விதிப்படி பார்த்தால் அன்று அந்த வகுப்பில் ஆறு பேர்தான் படித்தார்கள். விதிப்படி அங்கே இல்லாத ஒன்பது பேரும் அன்றைய பாடத்தைத் தெரு வரை கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.